பாளையக்காரர் கால முகாமுக்குக் காடாத் துணிக் கூடாரம்

1799 பாஞ்சாலங்குறிச்சிப் போரை நடித்துக் காட்டும் முகாமில் நீல நிறத் தார்ப்பாய் கண்ணை உறுத்தும். 10 அடிச் சதுரத்தில் கெட்டிக் காடாத் துணி போதும். தைக்குமுன் நனைத்துக் காயவையுங்கள். பிறகு சுருங்கினால் தையல் இழுக்கும். பித்தளை வளையம் வேண்டாம். மூலைத் துணிக்குள் கூழாங்கல்லை வைத்து வெளியே கயிற்றால் இறுக்கினால் கிழியாது.

5 அடி மூங்கில் இரண்டு, அவற்றின் தலையோடு 30 அடிக் கயிறு, இரு முனையிலும் முளை. ஆனி ஆடியில் மேல்காற்று பிய்த்தெறியும். அதனால் துணியைக் கயிற்றின்மேல் போட்டு, மேற்கே 7 அடியைத் தரைவரை இறக்கி, மீதி 3 அடியைக் கிழக்கே தாழ்வாரமாக இழுத்துக் கட்டுங்கள். தேரி எனும் செம்மணல் மேட்டில் முளை நிற்கவே நிற்காது. ஒரு முழக் கட்டையின் நடுவில் கயிறு கட்டி, முழங்கால் ஆழத்தில் படுக்கைவாட்டில் புதையுங்கள். மழையில் பருத்திக் கயிறு விறைத்து முளையைப் பிடுங்கும், உடனே தளர்த்துங்கள். நனைந்த துணியை உள்ளிருந்து தொட்டால் அங்கேயே ஒழுகும், பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.