புதிய ஸ்மார்ட்போனா? ஆறு மாதம் பயன்படுத்தியவர்களைக் கேளுங்கள்

புதிய ஸ்மார்ட்போன் வாங்க நினைப்பவர்கள், அது வெளியான முதல் வாரத்தில் குவியும் பாராட்டுகளைவிட, ஆறு மாதமாவது பயன்படுத்தியவர்கள் கொடுத்திருக்கும் இரண்டு, மூன்று நட்சத்திர மதிப்புரைகளைப் பொறுமையாகப் படிப்பது நல்லது. பேசும்போது திரை அணையாமல் கன்னம் பட்டு அழைப்பு துண்டிக்கப்படுகிறது என்பது போன்ற ஒரே குறையைப் பலரும் சொல்லியிருந்தால், அந்த மாடலைத் தவிர்த்துவிடலாம். மெகாபிக்சல் எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அதே மாடலை வைத்திருக்கும் நண்பர் இருந்தால், நண்பகல் வெயிலில் அதை வாங்கி, தேநீர்க் கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பாருங்கள். திரையின் வெளிச்சம், கேமரா குவியும் வேகம், செயலி திறக்க எடுக்கும் நேரம் ஆகிய மூன்றும் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பெட்டியில் 128 ஜிபி என்று அச்சிட்டிருந்தாலும், இயங்குதளமும் முன்பே நிறுவப்பட்ட செயலிகளும் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும் என்பதால், மீதமுள்ள இடத்தையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகள் என்பதும் முக்கியம். 2023-இல் வந்த கூகுள் பிக்சல் 8, 2024-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24 ஆகியவற்றுக்கு 7 ஆண்டுகள் அறிவிக்கப்பட்டன.

பணம் கட்டியதும் *#06# அழுத்தி, திரையில் தோன்றும் 15 இலக்க ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) பெட்டியிலும் ரசீதிலும் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே சரிபார்த்துவிடுங்கள்.