ஊர்ப் போர் நினைவுக்கல்லில் பிற்காலப் படைவீரர்களைச் சேர்ப்பது எப்படி

தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஒரு பழைய கல்பலகை உண்டு. 1914–1919 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று ஆங்கிலத்தில் நாலு வரி இருக்கும். எண்ணிக்கை மட்டும்தான், பெயர் இருக்காது. அதற்குப் பிறகு அதே ஊரிலிருந்து 1947–48 காஷ்மீர், 1962 சீனா, 1965, 1971, சியாச்சின், இலங்கை, கார்கில் என்று ஆட்கள் போயிருப்பார்கள். அவர்களில் திரும்பாதவர்களுக்குக் கல் இருக்காது. அவர்களையும் சேர்க்கலாம் என்று முன்னாள் படைவீரர் சங்கமோ ஊராட்சியோ முடிவெடுத்தால் என்னென்ன செய்யவேண்டும் என்பதை இங்கே சொல்கிறோம்.

முதலில் விதி, பிறகு பெயர்

பெரும்பாலும் வேலை தலைகீழாகத்தான் தொடங்கும். பெயர்ப் பட்டியல் தயாரான பிறகு, "என் அண்ணன் பெயர் ஏன் இல்லை?" என்று யாராவது கேட்பார்கள். அதன்பின் எந்த விதியைச் சொன்னாலும் அது அந்தக் குடும்பத்துக்கு எதிராகப் போட்ட விதியாகத்தான் தெரியும். ஆகவே ஒரு பெயரைக்கூடக் கேட்கும் முன்பே யார் யார் சேர்வார்கள் என்பதை அரைப் பக்கத்தில் எழுதி, கிராம சபையில் தீர்மானமாகப் போட்டுவிடுங்கள்.

அந்த அரைப் பக்கத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்கவேண்டும். முதலாவது, எப்படி இறந்தவர்கள் சேர்வார்கள் என்பது. "போரில் இறந்தவர்கள்" என்று மட்டும் எழுதினால் பலர் வெளியே நின்றுவிடுவார்கள். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவில் மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டவரும் உண்டு. எதிரியின் குண்டு படவில்லை என்பதற்காக அவர்களை விட்டுவிட முடியுமா? "படைப்பணியில் இருக்கும்போது, பணியின் காரணமாக இறந்தவர்கள்" என்று எழுதுவதே நல்லது. விடுப்பில் வந்தபோது சாலை விபத்தில் இறந்தவர்கள் உண்டா இல்லையா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். எந்த முடிவானாலும் சரி, அது எழுத்தில் இருக்கவேண்டும்.

இரண்டாவது, எந்தப் படைகள் என்பது. சி.ஆர்.பி.எஃப். (மத்திய ரிசர்வ் காவல் படை), பி.எஸ்.எஃப். (எல்லைப் பாதுகாப்புப் படை) போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. டெல்லியில் தேசியப் போர் நினைவிடம் 2019-இல் திறக்கப்பட்டது. காவல் படையினருக்கான தேசிய நினைவிடம் அதற்கு முந்தைய ஆண்டே தனியாகத் திறக்கப்பட்டது. தலைநகரில் அப்படிப் பிரித்திருக்கலாம். ஊரில் பிரிக்கவேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 2019 புல்வாமா தாக்குதலில் இறந்த 40 பேரும் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள்தான்.

மூன்றாவது, உயிரோடு இருப்பவர்கள். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பிய ஊரில் பணியாற்றிய எல்லாருடைய பெயரையும் கல்லில் வெட்டினால் சுவர் போதாது. ஆண்டுதோறும் பட்டியலும் நீளும். பழைய பலகையே இதற்கு வழி காட்டுகிறது. "1947 முதல் 2025 வரை இவ்வூரிலிருந்து படையில் பணியாற்றியோர் இத்தனை பேர்" என்று எண்ணிக்கையை மட்டும் கல்லில் வெட்டி, முழுப் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் கெட்டி அட்டைப் பதிவேட்டில் வையுங்கள். இப்போது பணியில் இருப்பவர்களின் பெயரையும் பிரிவையும் பொது இடத்தில் எழுதக்கூடாது.

பெயர்களைச் சரிபார்த்தல்

ஒரு பெயருக்கு இரண்டு ஆவணமாவது வேண்டும். ஒன்று வீட்டிலிருந்து: டிஸ்சார்ஜ் புத்தகம் (பதிவேட்டில் சேரும், பணி முடித்துத் திரும்பியவர்களுக்கு), குடும்ப ஓய்வூதிய ஆணை, படைப்பிரிவிலிருந்து வந்த இரங்கல் கடிதம். இன்னொன்று அரசுத் தரப்பிலிருந்து: மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பதிவு, அல்லது அந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸ் தரும் உறுதிக்கடிதம். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் படைப் பொறியாளர் பிரிவுக்குப் பெங்களூரில். கடிதத்தில் படை எண்ணைக் குறிப்பிடாவிட்டால் தேடுவது கடினம். ஒரே பெயரில் பல பேர் இருப்பார்கள்.

பழைய பலகையில் எண்ணாக மட்டும் நிற்பவர்களின் பெயரையும் இந்தச் சமயத்தில் தேடிப் பாருங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தரவுத்தளத்தில் இரண்டு உலகப்போர்களிலும் இறந்தவர்களைக் கட்டணமின்றித் தேடலாம். சில பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும். ஊர்ப்பெயரை அன்றைய ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக அடித்துப் பார்க்கவேண்டும். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையிலுள்ள நினைவுச்சுவரிலும் முதல் உலகப்போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர் உண்டு. ஆனாலும் எல்லாரும் கிடைக்கமாட்டார்கள். ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் பலரைப் பெயர் சொல்லி நினைவுகூரவில்லை என்பதை அந்த ஆணையமே 2021 அறிக்கையில் ஒப்புக்கொண்டது. நாலு பேரில் இரண்டு பெயர் கிடைத்தால் இரண்டை வெட்டுங்கள். மீதிக்கு ஊகம் வேண்டாம்.

பெயரை எழுதும் முறையிலும் ஒரே ஒழுங்கு வேண்டும்: தரநிலை, தகப்பன் பெயரின் முதலெழுத்து, பெயர், இறந்த ஆண்டு. பழைய படைப் பதிவுகளில் சாதிப்பெயர் ஒட்டியிருக்கும்; கல்லில் அதை விட்டுவிடுங்கள். வரிசை இறந்த தேதிப்படிதான். தரநிலைப்படி அடுக்கினால் சுபேதார் மேலேயும் சிப்பாய் கீழேயும் போவார்கள். இறந்தவர்களுக்குள் பதவி பார்ப்பதில்லை என்பது மேற்சொன்ன ஆணையமும் கடைப்பிடிக்கும் கொள்கை.

வாக்குவாதம் வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. 1987–1990இல் இந்திய அமைதிப்படையில் போய் இலங்கையில் இறந்தவர்கள். மொத்தம் ஏறத்தாழ 1,200 பேர்; தமிழர்களும் அதில் அடக்கம். ஊரில் அந்தப் போரைப் பற்றிக் கடுமையான கருத்துகள் இருக்கும், நியாயமான கருத்துகளும்தான். கல் அந்த வழக்கைத் தீர்க்கும் இடமல்ல. "இலங்கை 1987–1990" என்று தலைப்பு, கீழே பெயர், அதோடு நிறுத்துங்கள். எதிரியின் பெயர், வெற்றி, அடைமொழி எதுவும் வேண்டாம். மற்றப் போர்களுக்கும் இதே அளவுதான் என்று விதியிலேயே எழுதிவிட்டால், இந்த ஒரு தலைப்பு மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாது.

பழைய கல்லைத் தொடாதீர்கள்

நூறாண்டு கடந்த கல்வெட்டு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரையறைக்குள் வந்துவிடும். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். பழைய பலகையில் மிச்சமிருக்கும் இடத்தில் புதிய பெயர்களை வெட்டினால் எது எப்போது எழுதியது என்பதே குழம்பிப்போகும். கழற்றி இடம் மாற்றும்போதும் பாதிக்குப் பாதி உடைந்துவிடும், பின்னால் பூசியிருக்கும் சுண்ணாம்பு கல்லை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கும். புதிய கல்லைப் பக்கத்தில் தனியாக நிறுத்துங்கள். அது எந்த ஆண்டு வைத்தது என்பதை அதிலேயே எழுதுங்கள். பழையதைத் தண்ணீரும் மெல்லிய நைலான் பிரஷும் கொண்டு கழுவினால் போதும். ஆசிட், கம்பி பிரஷ், எழுத்துக்கு எனாமல் பூச்சு மூன்றும் கூடாது.

இடம்

கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண் எந்த வகைப்பாடு என்று பாருங்கள். சாலைப் புறம்போக்கு என்றால் அங்கே வேண்டாம். சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலைக்கோ கட்டுமானத்துக்கோ மாநில அரசு அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று ஆணையிட்டிருக்கிறது. சாலையை அகலப்படுத்தும்போது முதலில் இடிபடுவதும் அப்படி வைத்ததுதான். ஊராட்சி அலுவலக வளாகம் நல்லது. பள்ளி வளாகம் என்றால் கல்வித்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். சிங்க முகச் சின்னத்தைக் கல்லில் செதுக்காதீர்கள். அரசு முத்திரையைத் தனியார் பயன்படுத்துவதற்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை உண்டு.

கல்லும் கணக்கும்

இருபது பெயருக்குள் என்றால் சுவரும் பதிகல்லும் வேண்டாம். நட்டுவைத்த ஒற்றைக் கல்லே போதும். பெயர்ந்து விழ அதில் ஒன்றுமில்லை. 8 அடி உயரம், 3 அடி அகலம், அரை அடி கனமுள்ள கறுப்பு கிரானைட் எடுத்தால் 12 கன அடி. கன அடிக்கு ஏறக்குறைய 80 கிலோ, ஆக ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. கிரேன் வரும் வழி இருக்கிறதா என்று கல்லுக்கு முன்பணம் கொடுக்கும் முன் பாருங்கள்.

இரண்டு அடி மண்ணுக்குள் போய்விட்டால் வெளியே 6 அடி. தரையிலிருந்து 2 அடிவரை எழுத்து வேண்டாம்: மழைச் சேறு தெறிக்கும், மாலையும் மலர்வளையமும் மறைக்கும். மேலே அரை அடி விடுங்கள். மிச்சம் மூன்றரை அடி, அதாவது 1,067 மில்லிமீட்டர். எழுத்து உயரம் 25 மி.மீ. என்றால் வரிக்கு வரி 50 மி.மீ. வேண்டும், தமிழில் மேல்கொம்பும் கீழ்ச்சுழியும் இருப்பதால் ஆங்கிலத்துக்கு விடும் இடைவெளி போதாது. ஆக 21 வரி. போர்த் தலைப்புகளுக்கு நாலு வரி போக 17. இப்போது 11 பெயர் என்றால் 6 வரி காலி. அந்தக் காலியிடம் அழகுக்குறைவு என்று பூ வேலைப்பாடு போடச் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நாற்பது ஐம்பது பெயர் என்றால் சுவர்தான் வழி. 20 மி.மீ. பலகை சதுர அடிக்கு ஐந்தரைக் கிலோ கனக்கும். 4-க்கு 3 அடிப் பலகை ஏறத்தாழ 65 கிலோ. வெறும் சிமெண்டில் ஒட்டினால் சில கோடைகளில் பின்புறம் விட்டுப்போகும். ஒவ்வொரு பலகைக்கும் நாலு துருப்பிடிக்காத எஃகு ஊசிகள், எபாக்சி பசையோடு போடவேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றைத் தாங்கும் 316 தர எஃகு. சாதாரண இரும்பு துருப்பிடித்துப் பருத்துக் கல்லின் விளிம்பையே பிளந்துவிடும். போருக்கு ஒன்றாகச் சிறு பலகைகளாகப் பிரித்து, பசைக்குப் பதில் திருகாணியில் மாட்டினால் பின்னால் ஒரு பெயர் சேர்க்க அந்தப் பலகையை மட்டும் பட்டறைக்கு எடுத்துப் போகலாம். ஒரே பாறையில் அறுத்த இரண்டு பலகைகளை மிகுதியாக வாங்கி வையுங்கள். பத்தாண்டு கழித்து அதே நிறம் கிடைக்காது.

எழுத்து வெட்டும்போது

பிழைகள் அதிகம் நுழைவது இங்கேதான். கல்வெட்டுப் பட்டறைகள் பலவற்றில் இன்னும் பழைய எழுத்துரு முறைகள்தான். நீங்கள் யூனிகோடில் அனுப்பியது அங்கே கட்டம் கட்டமாகத் தெரியும். யாராவது மறுபடி தட்டச்சு செய்வார்கள். அப்போது 'ழ' 'ள' ஆகும், முதலெழுத்து மாறும். ஆகவே எழுத்துகளை எழுத்துரு தேவைப்படாத கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றிய பி.டி.எஃப். கோப்பையே கொடுங்கள்.

மணல் பீய்ச்சி வெட்டும் முறையில் முதலில் ரப்பர் ஸ்டிக்கரைக் கல்மேல் ஒட்டி, எழுத்துப் பகுதியை மட்டும் உரித்தெடுப்பார்கள். மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறியது. உரிக்க மறந்தால் புள்ளி விழாது, பெயரே வேறாகிவிடும். ண, ஞ, ஐகாரச் சுழிகளில் நேர் எதிர்: சுழிக்குள் நிற்கவேண்டிய சிறு துண்டு பெயர்ந்து வந்துவிட்டால் அங்கே பள்ளம் விழும். 25 மி.மீ.க்குக் கீழே போகவேண்டாம் என்பதற்கும் தடித்த எழுத்துரு வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். ஸ்டிக்கர் உரித்த பிறகு, மணல் அடிக்கும் முன், ஒருவர் பட்டறைக்கே போய்ப் புள்ளிகளை எண்ணவேண்டும். அதற்கு முன்பே அசல் அளவில் காகிதத்தில் அச்சடித்து, ஒவ்வொரு குடும்பத்திடமும் அவரவர் வரிக்குப் பக்கத்தில் கையெழுத்து வாங்கியிருக்கவேண்டும்.

ஆழம் 2 முதல் 3 மி.மீ. கேளுங்கள். லேசர் பொறிப்பு மேற்பரப்பை மட்டும் சுரண்டும். படத்துக்குச் சரி, பெயருக்கு ஆகாது. தங்க நிறப் பெயிண்டு வெயிலில் மங்கிக் கறுக்கும். மெருகேற்றிய கறுப்புக் கல்லில் வெட்டிய இடம் தானாகவே சாம்பல் வெள்ளையாகத் தெரியும். மழையில் நனையும்போது மட்டும் மங்கும், காய்ந்தால் சரியாகிவிடும். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது புள்ளியும் கொம்பும் தனி எழுத்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கும் சண்டை வரும்.

நடுதல்

குழி நாலரைக்கு 3 அடி, ஆழம் மூன்றரை அடி. அடியில் 4 அங்குலம் 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட், அதன்மேல் 12 மி.மீ. கம்பி வலையோடு 1:1½:3 கலவையில் ஓரடிக்குச் சற்று மேலாக ஒரு படுகை. அது இறுகி ஒரு வாரம் ஈரம் காத்தபின் கல்லை நிறுத்தி, தூக்குக்குண்டு பார்த்து, நாலு பக்கமும் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து, சுற்றிலும் அதே கலவையைக் கொட்டுங்கள். முட்டுக் கட்டைகளை இன்னொரு வாரம் எடுக்கக்கூடாது. கான்கிரீட்டின் மேல்முகம் வெளிப்பக்கம் ஓர் அங்குலம் சரிந்திருக்கவேண்டும். தண்ணீர் தேங்கினால் கல்லின் அடியில் உப்புப் பூக்கும். கரிசல் மண் கோடையில் வெடித்து மழையில் பருக்கும், அதில் மூன்றரை அடி ஆழம் பற்றாது. கெட்டியான கிராவல் தட்டும்வரை தோண்டி, பக்கங்களை மணலால் நிரப்புங்கள். பழைய நினைவுக்கல்லின் மேடையோடு புதிய கான்கிரீட்டைச் சேர்த்துவிடாதீர்கள். ஓர் அங்குல இடைவெளி வேண்டும். புதியது சிறிது அமரும், ஒட்டியிருந்தால் பழையதையும் இழுத்து வெடிக்கவைக்கும்.

திறப்பு விழாவுக்கு ஜூலை 26 (கார்கில் வெற்றி நாள்), டிசம்பர் 16 (1971 போர் வெற்றி நாள்) இரண்டும் பொருத்தமான நாள்கள். பியூகிள் வாசிக்க ஆள் வேண்டுமென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக முன்கூட்டியே எழுதுங்கள். திறந்துவைத்தவர், நன்கொடையாளர் பெயர்கள் பின்பக்கத்தில், பெயர் வரியைவிடச் சிறிய எழுத்தில் இருக்கட்டும். இதையும் அந்த அரைப் பக்க விதியிலேயே எழுதியிருந்தால் யாரிடமும் முகம் பார்த்துப் பேசவேண்டியிராது.

கல்லுக்கு எண்ணெய், சந்தனம், குங்குமம் வைக்கும் பழக்கம் நம் ஊரில் நிற்காது. கல்லின் முன்னால் தனியாக ஒரு சிறு பீடம் கட்டிவிடுங்கள். விளக்கும் பூவும் அங்கே போகும்.