சிங்கப்பூரில் நல்ல டார்க் சாக்லேட் தேடி வாங்குவது எப்படி

பேரங்காடியில் டார்க் சாக்லேட் அடுக்கின் முன் நிற்கும் பெரும்பாலானோர் உறையின் முகப்பில் உள்ள விழுக்காட்டை மட்டும் பார்க்கிறார்கள். 85 என்றால் 70ஐவிட உயர்ந்தது, 90 என்றால் அதையும்விட உயர்ந்தது என்று முடிவு செய்து வாங்கிப் போய், ஒரு துண்டைக் கடித்துவிட்டு, மீதியைக் குளிர்சாதனப் பெட்டியின் மூலையில் மறந்துவிடுகிறார்கள். அந்த எண் தரத்தைச் சொல்வதே இல்லை. கட்டியின் எடையில் கொக்கோ விதையிலிருந்து வந்த பகுதி, அதாவது அரைத்த விதையும், விதையின் கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தனியே சேர்த்த கொக்கோ வெண்ணெயும் சேர்ந்து, எவ்வளவு என்பதை மட்டுமே அது சொல்கிறது. 70 விழுக்காடு என்றால் மீதி 30இல் ஏறக்குறைய முழுவதும் சர்க்கரை. மட்டமான காப்பிக்கொட்டையைக் கருக வறுத்து, டிகாக்‌ஷனை எவ்வளவு கெட்டியாக இறக்கினாலும் அது நல்ல காப்பி ஆகிவிடாது. சாக்லேட்டிலும் கணக்கு அதுதான்.

ஆகவே கட்டியைக் கையில் எடுத்தவுடன் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், டார்க் சாக்லேட் என்று பெயர் போட்ட கட்டியில் சர்க்கரை முதலிடத்தில் இருந்தால் அதை அடுக்கிலேயே திரும்ப வைத்துவிடலாம். நல்ல கட்டியின் பட்டியல் குறளைப் போலச் சுருக்கமானது: கொக்கோ விதை, சர்க்கரை, சில சமயம் கொக்கோ வெண்ணெய். சோயாவிலிருந்தோ சூரியகாந்தியிலிருந்தோ எடுத்த லெசித்தின் சிறிதளவு இருப்பதை நான் குற்றமாகக் கொள்வதில்லை. அரைத்த குழம்பு இளகி ஓடுவதற்காகப் பெரிய ஆலைகள் அதைச் சேர்க்கின்றன. ஆனால், செயற்கை வெனிலா மணமூட்டியான வெனிலின் வந்தால் எதையோ மூடி மறைக்கிறார்கள் என்ற ஐயம் எனக்கு வந்துவிடும். பாமாயில் போன்ற வேறு தாவரக் கொழுப்புகளை 5 விழுக்காடு வரை சேர்க்க ஐரோப்பியச் சட்டமே இடம் தருகிறது என்றாலும், உயர்ந்த கட்டி என்று சொல்லிக்கொள்ளும் எதிலும் அவற்றுக்கு வேலை இல்லை. கொக்கோவை அல்கலி என்னும் காரப்பொருள் சேர்த்துப் பதப்படுத்தியதாகக் குறிப்பு இருந்தால் நிறம் கறுத்திருக்கும், கசப்பும் புளிப்பும் அடங்கியிருக்கும், அவற்றோடு விதையின் தனி வாசமும் போயிருக்கும். பால் கலவாததை நாடுவோர் டார்க் என்ற சொல்லை நம்பாமல் பால் கொழுப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹலால் முத்திரை தேவைப்படுவோர், சிறு தயாரிப்பாளர்கள் பலர் அதைப் பெற்றிருப்பதில்லை என்பதால், கடையில் கேட்டுத் தெளிவது நல்லது.

அதே பின்பக்கத்தில் ஊட்டச்சத்து அட்டவணையும் இருக்கும். உடல்நலக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு மட்டுமன்றிச் சுவை தேடுபவர்களுக்கும் அது பயன்படும். கொக்கோ விதையில் பாதிக்குச் சற்று மேல் இயற்கையான கொழுப்புதான். எனவே விதையும் சர்க்கரையும் மட்டுமே கொண்ட 70 விழுக்காட்டுக் கட்டியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 37, 38 கிராம் கொழுப்பு இருக்க வேண்டும். அதே 70 விழுக்காட்டில் கொழுப்பு 44, 45 என்று நின்றால், கொக்கோ வெண்ணெயைத் தனியே தாராளமாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அது கலப்படம் அன்று. நாவில் வழுவழுப்பாக இறங்க அது உதவும். ஆனால், வெண்ணெய் கூடிய அளவுக்கு விதையின் சுவை குறைகிறது, முகப்பில் எண் மட்டும் மாறாமல் நிற்கிறது. 70 போட்ட இரண்டு கட்டிகள் ஏன் இரண்டு விதமாக இருக்கின்றன என்ற கேள்விக்கு முதல் விடை பெரும்பாலும் இந்த ஒரு வரியிலேயே கிடைத்துவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது விதை விளைந்த ஊர். உலகின் கொக்கோவில் பாதிக்கும் மேல் ஐவரி கோஸ்டிலும் கானாவிலும் விளைகிறது. பெரிய ஆலைகள் பல இடத்து விதையையும் கலந்து, ஆண்டு முழுவதும் ஒரே சுவை வரும்படி வறுத்துவிடுகின்றன. நாடு, மாவட்டம், முடிந்தால் தோட்டம் வரை உறையில் அச்சிடும் தயாரிப்பாளர் அந்த மண்ணின் சுவையைக் காட்ட முனைகிறார் என்று கொள்ளலாம். மடகாஸ்கர் விதையில் செம்பழங்களின் புளிப்பு முன்னே நிற்கும். எக்குவடோரின் நசியோனல் வகையில் பூ மணம் எழும். கானா விதை நமக்குச் சிறுவயதிலிருந்தே பழகிய ஆழ்ந்த கொக்கோச் சுவையைத் தரும். இந்தச் சுவை மரத்தில் மட்டும் உருவாவதில்லை. பழத்தை வெட்டி எடுத்த ஈர விதையை மரப்பெட்டிகளில் சில நாள் புளிக்க வைக்கும்போதுதான் அது பிறக்கிறது. இட்லி மாவு போலவே இதிலும் புளிக்காவிட்டால் சப்பென்று துவர்க்கும், புளிப்பு மீறினால் காடி வாடை வீசும். அதனால், விதையைப் புளிக்க வைத்தது யார் என்பதையும் சொல்லும் உறைக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

சிங்கப்பூரில் இருப்பதன் பேறு, கொக்கோ விளையும் நாடுகள் நம்மைச் சுற்றியே இருப்பது. பெல்ஜியம், சுவிட்சர்லாந்து என்ற பெயர்களுக்கு மயங்குவோர், அங்கே கொக்கோ மரமே வளராது என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. வியட்நாமின் மாரூ நிறுவனம் 2011இல் ஹோ சி மின் நகரில் தொடங்கியது. தியென் ஜியாங் 70, தோங் நாய் 72, லாம் தோங் 74, பா ரியா 76, பென் ட்ரே 78 என்று ஒவ்வொரு வட்டார விதைக்கும் ஒரு கட்டி செய்கிறது. அவற்றுள் இரண்டை ஒன்றாக வாங்கிச் சுவைத்துப் பார்ப்பதைவிடச் சிறந்த தொடக்கப் பாடம் எனக்குத் தெரியாது. இந்தோனேசியாவின் கிராகக்கோவா, பிலிப்பீன்ஸின் ஆவ்ரோ, மலேசிய விதையில் செய்யும் சாக்லேட் கான்சியர்ஜ் ஆகியவையும் தேடத்தக்கவை. இங்கேயே விதையை வறுத்து அரைத்துச் செய்யும் ஃபோஸா, மிஸ்டர் பக்கெட் போன்றவர்களின் கட்டிகள் தொலைவு போகாமல் கிடைக்கும். ஃபோஸா தேயிலையும் உள்ளூர்ச் சுவைகளும் கலந்த கட்டிகளுக்குப் பெயர் பெற்றது என்றாலும், புதிதாக வாங்குபவர் எதுவும் கலவாத கட்டியில் தொடங்குவதே முறை. கலந்ததை வைத்து விதையை எடை போட முடியாது.

தமிழ் வாசகருக்கு இன்னொரு வழியும் உண்டு. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதியில் தென்னைக்கு ஊடுபயிராகக் கொக்கோ விளைகிறது என்பது இங்குள்ள பலருக்குத் தெரிவதில்லை. அந்த வட்டாரத்துச் சோக்லெட் என்னும் நிறுவனம், ஆரோவில்லின் மேசன் அண்ட் கோ, கொச்சியின் பால் அண்ட் மைக் ஆகியவை தென்னிந்திய விதையில் கட்டி செய்கின்றன. ஊரிலிருந்து வரும் உறவினரிடம் முறுக்குக்கும் ஊறுகாய்க்கும் நடுவே இரண்டு கட்டி கொண்டுவரச் சொல்லலாம், கைப்பையில் மட்டும். எங்கள் வீட்டில் மாமாக்கள் இந்த வேலையை முகம் சுளிக்காமல் செய்கிறார்கள். அத்தைகள்தான் ‘சாக்லேட்டுக்கா இவ்வளவு காசு’ என்று கேட்கிறார்கள்.

கடை என்று பார்த்தால், அன்றாடத்துக்குரிய லின்ட் போன்றவை ஃபேர்பிரைஸ் ஃபைனஸ்டிலும் கோல்ட் ஸ்டோரேஜிலும் எளிதாகக் கிடைக்கும். ஒப்பிட்டுப் பழக 70க்கும் 85க்கும் அவை போதும். சையது ஆல்வி சாலையில் உள்ள முஸ்தபாவில் வகை மிகுதி. அங்கே பொறுமையோடு தேட வேண்டும். சிறு தயாரிப்பாளர்களின் கட்டிகளைத் தகாஷிமாயாவின் அடித்தள உணவுக்கூடம் போன்ற இடங்களிலும், சிறப்புக் காப்பிக்கடைகளின் கல்லாவுக்கு அருகிலும், தயாரிப்பாளர்களின் சொந்தக் கடைகளிலும் பார்க்கலாம். சொந்தக் கடையில் பெரும்பாலும் ஒரு துண்டு சுவைக்கத் தருவார்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘விதையை நீங்களே வறுக்கிறீர்களா?’ கைவினை என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆலையில் செய்த சாக்லேட்டை வாங்கி உருக்கி, புது அச்சில் ஊற்றி, அழகிய தாளில் சுற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். அதில் குற்றமில்லை, ஆனால் அதற்கு விதையிலிருந்து செய்தவருக்குக் கொடுக்கும் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

விலையை எப்போதும் 100 கிராமுக்கு மாற்றிப் பாருங்கள். 50 கிராம் கட்டி 14 வெள்ளி என்றால் 100 கிராம் 28 வெள்ளி. பக்கத்தில் 100 கிராம் 7 வெள்ளிக்கு இருப்பதைவிட அது நான்கு மடங்கு. அந்த வேறுபாட்டில் ஒரு பகுதி நல்ல விதைக்கு உழவருக்குக் கொடுத்த கூடுதல் விலை, ஒரு பகுதி சிறு அளவில் செய்வதன் செலவு, ஒரு பகுதி வெறும் உறை. 2023இன் தொடக்கத்தில் டன் ஒன்றுக்கு ஏறக்குறைய 2,500 அமெரிக்க டாலராக இருந்த கொக்கோ, மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குறைந்ததால் 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் 12,000 டாலரைத் தாண்டியது. ஆதலால், அதற்கு முன் கொடுத்த விலையை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் வருத்தப்படுவதில் பயனில்லை. வெளிநாட்டு இணையக் கடைகளில் வாங்கினால், 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் பொருள் சேவை வரி உண்டு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 முதல் அது 9 விழுக்காடு.

ஆனால், இணையத்தில் வாங்குவதில் வரியைவிடப் பெரிய இடர் வெயில். கொக்கோ வெண்ணெய் 34 பாகையை ஒட்டி உருகும். அதற்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். நம் ஊரின் நண்பகல் 31, 32 பாகை, வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இன்னும் கூடுதல். சில ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலிருந்து ஆறு கட்டிகள் வரவழைத்தேன். பிற்பகல் இரண்டு மணிக்குப் பொட்டலத்தை எங்கள் வீவக வீட்டு நடைவழியில், காலணி அடுக்கின்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாலையில் வந்து பிரித்தால் ஆறும் வளைந்து, இறுகி, மேலே சாம்பல் பூத்தது போல் வெளுத்திருந்தன. அந்த வெளுப்பு பூஞ்சணம் அன்று. இளகி வெளியேறிய கொழுப்பு மீண்டும் உறைந்தது. தின்றால் கெடுதல் இல்லை. ஆனால், பளபளப்பும் ஒடியும் ஓசையும் போய், வாயில் மெழுகுபோல் கரையும். அன்றிலிருந்து, குளிர்ப்பொதியில் அனுப்பாத யாரிடமும் நான் தொலைவிலிருந்து வாங்குவதில்லை.

கடையிலும் இதே கண்ணோடு பாருங்கள். சன்னல் வெயில் படும் அடுக்கிலோ விளக்கின் நேர்கீழேயோ இருக்கும் கட்டியை விட்டுவிட்டுப் பின்வரிசையிலிருந்து எடுங்கள். வெறும் டார்க் சாக்லேட்டுக்குப் பெரும்பாலும் ஓராண்டு முதல் ஈராண்டு வரை கெடு கொடுக்கிறார்கள். எனவே கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும் கட்டி, நெடுநாள் எங்கெங்கோ இருந்து வந்தது. கிறிஸ்துமஸ், காதலர் தினம் முடிந்தபின் வரும் பாதி விலைக் குவியலில் நல்லவை அகப்படும், தேதி பார்த்து எடுப்பவருக்கு.

சாக்லேட்டைக் கடைசியில் வாங்குங்கள்; தேக்காவில் காய்கறி வாங்கும் முன் அன்று. வீட்டில் வைக்க உகந்தது 15 முதல் 18 பாகை, ஒயின் குளிர்பெட்டி உள்ளவர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்கள் கட்டியைக் காற்றுப்புகாத பையில் இட்டு, அதை மூடியுள்ள டப்பாவில் வைத்து, குளிர்சாதனப் பெட்டியின் குளிர் குறைந்த தட்டில் வைக்கலாம். கொக்கோ வெண்ணெய் பூண்டு, சாம்பார், பலாச்சுளை எதன் வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் இரட்டை உறை கட்டாயம். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடக் கூடாது. நம் ஈரக்காற்று குளிர்ந்த கட்டியின்மேல் வியர்த்து, சர்க்கரையைக் கரைத்துச் சொரசொரப்பாக்கிவிடும். ஒரு மணி நேரம் பையோடு வெளியே வைத்துப் பிறகு பிரியுங்கள்.

சுவைக்கும்போது குளிரூட்டிய அறையில் இருங்கள். 31 பாகையில் எந்த நல்ல கட்டியும் ‘டக்’கென்று ஒடியாது. காரம் தின்றபின்போ கோப்பி குடித்த கையோடோ வேண்டாம். சிறு துண்டை மெல்லாமல் நாவின்மேல் வைத்து உருக விடுங்கள். முதலில் வருவது இனிப்பும் புளிப்பும், வாசம் அரை நிமிடம் கழித்தே எழும், துவர்ப்பு கடைசியில் நிற்கும். ஒரே விழுக்காட்டில் இரண்டு ஊர்க் கட்டிகளை அடுத்தடுத்துச் சுவைத்து, நடுவில் வெதுவெதுப்பான நீர் குடித்து, உறையில் எழுதியுள்ள சுவைக்குறிப்பைப் பின்னர் படியுங்கள். முன்னரே படித்துவிட்டால் அங்கே எழுதியிருக்கும் செம்பழம்தான் வாயில் வரும்; படிக்காமல் சுவைத்தால் அது நாவற்பழமாகவோ பனைவெல்லமாகவோ இருக்கக்கூடும்.