மாடி அறைக்கு சிக்னலை மீட்ட விதம்

திருநகரில் எங்கள் மாடி அறைக்கு சிமெண்ட் ஷீட் கூரை. அக்னி நட்சத்திர வெக்கை தாங்காமல் கூரைக்கு அடியிலும் மேற்குச் சுவரிலும் அலுமினியம் ஒட்டிய வெப்பத்தடுப்பு ஷீட் அடித்தோம். வெக்கை குறைந்தது, செல்போன் பேச்சு அறுந்து அறுந்து போனது. மேலே தனியாகப் படுக்கும் அம்மா ராத்திரி அவசரத்துக்குக் கூப்பிட முடியாதே என்பதுதான் என் கவலை.

சிமெண்ட் ஷீட்டை ரேடியோ அலை எளிதாகக் கடந்துவிடும், உலோகத்தைக் கடக்காது. செல்போன் பயன்படுத்தும் 900 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை அலுமினியத்துக்குள் சுமார் 3 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு) போவதற்குள்ளேயே பெருமளவு மங்கிவிடும். பெரும்பகுதி மேலேயே பட்டுத் திரும்பிவிடும். அதனால் அலையைத் தடுக்க மெல்லிய அலுமினியத் தாளே போதும்.

ஜன்னல் வழி மிச்சமிருந்தது. அங்கேயும் அலுமினியக் கொசுவலை! அந்த அலையின் நீளம் 33 செ.மீ.; வலைக் கண்ணோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அலைக்கு அது வலையல்ல, தகடு. வலைக்கதவைத் திறந்ததும் போன் அமைப்பில் காட்டும் சிக்னல் அளவு மைனஸ் 115 டிபிஎம்மிலிருந்து மைனஸ் 100க்கு ஏறியது (டிபிஎம் என்பது டெசிபலில் சொல்லும் சிக்னல் வலு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்). 10 டெசிபல் ஏறினாலே சக்தி பத்து மடங்கு.

கூரை ஷீட்டைத் தொடவில்லை, வெயிலுக்கு அது வேண்டும். டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலுக்கு நைலான் வலை மாற்றினேன். கீழ்வீட்டு ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் (இன்டர்நெட் வயர்) இழுத்து அறைக்குள்ளேயே இன்னொரு வைஃபை ரவுட்டர் வைத்து, அம்மா போனில் வைஃபை காலிங்கை, அதாவது டவர் சிக்னலுக்குப் பதில் வைஃபை வழியே பேசும் வசதியை, இயக்கினேன். கரண்ட் போனாலும் ஓட, இரண்டு ரவுட்டர்களுக்கும் சின்ன யுபிஎஸ் வைத்திருக்கிறேன்.