உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

பாம்பன் பக்கம் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்ப்பது என் வேலை. வாசலில் நின்றபடியே கையை நீட்டும் அண்ணன்மார்தான் இங்கே அதிகம். கரைக்கு வந்து டீயும் பீடியும் முடித்த கையோடு பார்த்தால் அளவு ஏறித்தான் காட்டும்.

டீ, பீடி, புகையிலை எதுவானாலும் அரை மணி நேரம் போகட்டும். ஒன்றுக்கு வந்தால் போய்விட்டு வாருங்கள். முதுகு சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். (மதினிமாருக்கு இதுதான் பெரிய சோதனை.) கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும், பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு மறுபடி பார்த்து இரண்டையும் எழுதி வையுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் வேறொரு நாளும் வந்தால் டாக்டரைப் பாருங்கள். தலை சுற்றவில்லை, அதனால் பிரஷர் இல்லை என்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது எதையும் காட்டாது. வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ நெஞ்சு வலித்தாலோ அளவு பார்த்துக்கொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்தது உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள். யார் எடை போட்டுக்கொண்டிருப்பது? புது பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன்மேல் தேதி எழுதுங்கள். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு கிலோ 50 நாளாவது வர வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் தின்கிற வீட்டில் இன்னும் கூடுதலாகவே வரணும், அவற்றில் ஏற்கெனவே உப்பு இருக்கிறதே.

கருவாட்டை விடச் சொன்னால் என்னை வீட்டுக்குள் விட மாட்டார்கள். நானும் சொல்வதில்லை. துண்டுபோட்டு வெந்நீரில் ஊறவையுங்கள், தண்ணீரை இரண்டு தடவை மாற்றுங்கள், குழம்பில் தனியாக உப்பு போடாதீர்கள். புளியும் மிளகாயும் சின்ன வெங்காயமும் தூக்கிவிடும். தினமும் வேண்டாம், அவ்வளவுதான்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கடலுக்குப் போகும்போது நனையாத டப்பாவில் எடுத்துப் போங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். அளவு இறங்கிவிட்டதென்று நீங்களாக நிறுத்தவும் கூடாது; இறங்கியதே மாத்திரையால்தான்.

டாக்டரிடம் போகும்போது எழுதி வைத்த அளவுகள், சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டு போங்கள். அவர் சொல்லி முடித்ததும் தலையாட்டிவிட்டு எழுந்து வராமல், “காலையில ஒண்ணு, தினமும், அப்படித்தானே சார்?” என்று திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்.