திரும்பி வரும் டப்பாவிலிருந்து தொடங்குவோம்: பள்ளிக்குச் சாப்பாடு கட்டும் முறை

பிள்ளைக்கு மதிய உணவு கட்டிக் கொடுக்க இப்போதுதான் தொடங்குகிறீர்களா? புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள்.

படி 1: மிச்சத்தைக் குறியுங்கள்

மாலையில் டப்பா வந்ததும் கழுவப் போட்டுவிடாதீர்கள். எது மிச்சம், எவ்வளவு மிச்சம் என்று ஐந்து நாள் ஒரு தாளில் எழுதுங்கள். என் மகளின் டப்பாவில் ஆப்பிள் துண்டுகள் நாள் தவறாமல் திரும்பி வந்தன. அவளுக்குப் பழமே பிடிக்காது என்று முடிவு கட்டியிருந்தேன். ஒருநாள் கேட்டேன். "கறுத்துப் போயிருக்கும்மா" என்றாள், அவ்வளவுதான். மறுநாள் துண்டுகளில் எலுமிச்சைச் சாறு தடவி இறுக்கமாக மூடி அனுப்பினேன். டப்பா காலியாக வந்தது.

சாப்பிடாமல் திரும்பும் உணவுக்கும் காசு முழுசாகப் போய்விடுகிறது, உடம்பில் சேர்வது ஒன்றுமில்லை. இந்தப் படியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

படி 2: 100 கிராமுக்கு என்ன விலை?

பாக்கெட் விலையை அதன் எடையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். குட்டிக் குட்டிப் பாக்கெட்டில் வரும் தயிரும் கொட்டைகளும் எவ்வளவு கூடுதல் என்பது அப்போது தெரியும். பெரிதாக வாங்கிச் சின்ன டப்பாக்களில் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் கெட்டுப்போவதற்குள் தீராது என்றால் பெரிய பாக்கெட் மலிவே இல்லை. உலர்ந்த கொண்டைக்கடலை ஊறி வெந்தால் எடை சுமார் இரண்டு மடங்காகும். அதனால் அதன் 100 கிராம் விலையைப் பாதியாக்கி மற்றவற்றோடு ஒப்பிடுங்கள்.

படி 3: டப்பாவை நிரப்புவது

பாதி இடம் காய்க்கும் பழத்துக்கும். மீதியில் ஒரு பங்கு சோறோ ரொட்டியோ, இன்னொரு பங்கு பருப்பு, பயறு, முட்டை மாதிரி ஏதாவது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. பயறு வைக்கும் நாளில் கூடவே ஆரஞ்சோ குடைமிளகாயோ வையுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி, பயறில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு ஏற்றுக்கொள்ள உதவும்.

படி 4: லேபிளைப் படியுங்கள்

சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். சர்க்கரை முதல் மூன்றுக்குள் வந்தால் நான் வாங்க மாட்டேன். 4 கிராம் சர்க்கரை என்பது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். 20 கிராம் சர்க்கரை உள்ள பழச்சாறு டப்பா என்றால், ஐந்து டீஸ்பூன்! சேர்த்த சர்க்கரை, தேன், பழச்சாற்றிலுள்ள சர்க்கரை எல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்கு 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அது 40 கிராம். பாதியை அந்த ஒரு டப்பாவே தின்றுவிடும். பழச்சாற்றுக்குப் பதில் தண்ணீர் கொடுத்துவிட்டால் சர்க்கரையும் குறையும், செலவும் குறையும்.

படி 5: மதியம் வரை கெடாமல்

5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. சூடாகக் கொடுக்க பிளாஸ்க்கில் முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் உணவைப் போட்டு மூடுங்கள். குளிர்ச்சியாகக் கொடுக்க, முந்தின இரவே உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை டப்பாவோடு ஒட்டி வையுங்கள். உச்சி வேளையில் அதுவே குடிக்கவும் ஆகும்.

சரி, அடுத்த வாரம் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால், டப்பா மிச்சத்தோடு திரும்பும்போது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.