டிராகுலா படிக்கும்போது நோட்டைக் கிழிக்காதீர்கள்

ஒவ்வொரு வருடமும் இரண்டாமாண்டு பிள்ளைகளிடம் ரத்தம் குடிக்கும் பேயின் கதையான 'டிராகுலா' நாவலைக் கொடுத்து, நாலு அத்தியாயம் முடிந்ததும் மனதில் பட்டதை இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்வேன். இந்த வருடம் வந்த தாள்களைத் திருத்த உட்கார்ந்தால், படிக்கிற காலத்தில் நான் எழுதியதையே திரும்பப் படிப்பது மாதிரி இருந்தது. எழுத்துப் பிழை, பெயர்க் குழப்பம் எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். படிக்கும் விதத்திலேயே செய்கிற தவறுகளை மட்டும் கீழே சொல்கிறேன்.

சினிமா டிராகுலாவைத் தேடுவது

எண்ணெய் தடவிப் படிய வாரிய கறுப்பு முடியை எதிர்பார்த்துப் போனால் பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய கிழவரான டிராகுலா பிரபு ஏமாற்றிவிடுவார். இவருக்கு நரைத்த நீளமான மீசை, உள்ளங்கையில் முடி. பகலிலும் நடமாடுகிறார், சக்திதான் குறைந்துவிடும். வெயில் பட்டு அழிகிற சங்கதி 1922-ல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' மௌனப் படத்தோடு வந்தது. 'சூரியனைக் கண்டு அஞ்சும் பிரபு' என்று ஒரு பையன் எழுதியிருந்தான். எந்தப் பக்கத்தில் என்று கேட்டேன். சிரித்தான்.

கதைச்சுருக்கத்தை முதலில் படிப்பது

வேண்டாம்.

சாப்பாட்டைத் தாண்டிக் குதிப்பது

முதல் அத்தியாயம் 'லாக்', அதாவது இழுவை என்று பாதிப் பேர் எழுதுகிறார்கள். ரயில் தாமதம், ஓட்டல், பாப்ரிகா மிளகாய்ப்பொடி போட்ட கோழி. அதன் செய்முறையைத் தான் கட்டிக்கொள்ளப்போகிற மீனாவுக்கு வாங்கிப் போகணும் என்று, பிரபுவின் கோட்டைக்கு வேலையாகப் போகும் இளம் வக்கீல் ஜொனாதன் ஹார்க்கர் குறித்துக்கொள்கிறான். இதில் பேய் எங்கே என்கிறார்கள். அன்று ராத்திரி அவனுக்கு ஏதேதோ கனவு, ஜன்னலுக்கு அடியில் விடிய விடிய நாய் ஊளை, கூஜாத் தண்ணீரை முழுக்கக் குடித்தும் அடங்காத தாகம். மிளகாய்ப்பொடிதான் காரணமோ என்று எழுதிவைக்கிறான். அங்கேதான் இருக்கிறது பேய்.

முதல் குறிப்பைத் திருத்தி எழுதுவது

இதைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். நாவலை முழுக்க முடித்துவிட்டு, நாலாம் அத்தியாயத்தில் எழுதியதைக் கிழித்துப் போட்டு, 'தொடக்கம் முதலே பிரபுவின் மீது ஐயம் எழுகிறது' என்று புதிதாக எழுதுவது.

நானும் செய்தேன். ஹாஸ்டலில் நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் எழுதிய என் முதல் குறிப்பு: 'பாவம் இந்தத் தாத்தா, வேலைக்கு ஆள் இல்லை, விருந்தாளிக்குத் தானே படுக்கை விரிக்கிறார்.' கதை முடிந்ததும் வெட்கமாகிவிட்டது. கிழித்துவிட்டு மூன்று பக்கம் அறிவாளித்தனமாக எழுதிக் கொடுத்தேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் எங்கள் பேராசிரியர் கேட்டது ஒரே கேள்வி: "எந்த வரியில் பயந்தே?" முழித்தேன். முதலிலிருந்தே சந்தேகப்பட்டவன் எந்த வரியில் பயப்படுவான்? பதினைந்துக்கு ஐந்து. மார்க் போகட்டும், அந்தத் தாத்தாவைப் பார்த்து நான் பாவப்பட்டது எந்த இடத்தில் திகிலாக மாறியது என்று எத்தனை தடவை திரும்பப் படித்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த நாவல் முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி, கப்பல் பதிவேடு. எழுதுகிற யாருக்கும் நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. மே 8-ம் தேதிக் குறிப்பைப் பாருங்கள். ஜன்னலோரம் சின்னக் கண்ணாடியை மாட்டிவைத்து ஹார்க்கர் சவரம் செய்கிறான். தோளில் ஒரு கை விழுகிறது. பிரபு பக்கத்திலேயே நிற்கிறார், கண்ணாடியில் அவரைக் காணோம். கத்தி பட்டு முகவாயில் ரத்தம் வழிய, அவன் கழுத்துக்குப் பாய்கிறார். சிலுவை கோத்த மணிமாலையில் கை பட்டதும் அடங்கி, கண்ணாடியை ஜன்னல் வழியே வீசிவிட்டுப் போகிறார். இத்தனைக்கும் பிறகு ஹார்க்கரின் கவலை என்ன தெரியுமா? இனி எதைப் பார்த்துச் சவரம் செய்வது, கடிகார மூடியையா, சவரக் கிண்ணத்தின் அடியையா! எல்லாம் தெரிந்த பிறகு உட்கார்ந்து எழுதியிருந்தால் அந்தக் கிண்ணம் அங்கே இருந்திருக்காது.

பின்பாதியில் (இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்கவும்) ஹார்க்கரும் கூட்டாளிகளும் இந்தக் குறிப்புகளையெல்லாம் தொகுத்து வைத்த கையெழுத்துப் பிரதியைப் பிரபுவே நெருப்பில் போடுகிறார். அவர்களிடம் பெட்டகத்தில் இன்னொரு பிரதி இருந்தது. என்னிடம் இல்லை.

போன வாரம் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். "சார், பிரபு ரொம்ப மரியாதையானவர்னு எழுதிட்டேன். ஒயிட்னர் போட்டுக்கட்டுமா?" தேதியைப் போட்டு அப்படியே கொடுக்கச் சொன்னேன்.

விளக்கை அணைத்துவிட்டு செல்போன் வெளிச்சத்தில் படிப்பது

கண்தான் கெடும். அந்தச் சவரமே காலையில்தான் நடக்கிறது.

முன்னுரையை முன்னால் படிப்பது

மீனாவின் தோழி லூசிக்கு என்ன ஆகப்போகிறது என்பது என் பிரதியில் முன்னுரையின் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. இப்போது பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது அந்தப் பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துத்தான் கொடுக்கிறேன்.